ரோட்டுக்கு விழுந்த ஆட்சேபணை

சங்கரன்கோவில்,
23-9-78

அன்பு மகள் பேச்சிக்கு அம்மா முப்பிடாதி எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை துரைப்பாண்டியும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடுதாசியை உனக்கு முன்னாடி பிரித்துப் படிக்கிறவர்களுக்கும் என் கும்பிடு.

ஆமா, தெரிஞ்சுதான் எழுதுதேன். போன கடுதாசியில் கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது. பாதை சரியில்லாத காரணத்தால் தற்சமயம் வர இயலாது என்று நீயாட்டி எழுதுவே? உனக்கு மூச்சு விடாமல் ஊர்க்கதை எழுதத்தானே தெரியும்! பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுத வைத்தது யார்?

ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு உன்னைக் கூப்பிட வந்தோம். வளையலைப் போடுங்கள், ரோடு போட்டதும் பிள்ளையை பஸ்ஸிலே அனுப்புகிறோம் என்று சொல்லி உன் மாமனார் பரமசிவம் அண்ணாச்சி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கேழ்வரகில் நெய் வடியுதுன்னா கேக்கிறவளுக்கு மதி எங்கே போச்சு? பெண் பார்க்க அதே வண்டிப்பாதையில்தானே வந்தார்கள்? எட்டாம் மாசம் உன்னை அழைக்கக் கூடாது. இனி ஒன்பதுதான். அதுவோ ஐப்பசி. அந்தக் கரிசலில் ஒரு மழை பெய்தால் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். போன வருசம் பிரசவ வலியோடு கிளம்பின உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி ஓடையைத் தாண்ட முடியாமல் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

ரோட்டுச் சங்கதியையும் கேள். தார் ரோட்டிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் ரோடு போட கவர்மெண்டில் சாங்ஷன் ஆயிட்டு, டவுன் பஸ்ஸும் வரும் என்று ஆனி மாசமே யூனியன் ஆபீசில் சொன்னார்கள். அளந்து கல்லும் ஊன்றினார்கள். அப்புறம் யாரோ ஆட்சேபணை கொடுத்து எல்லாம் நின்றுபோச்சு. யாருன்னு கேட்டால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகிறார். சம்பந்தியைக் காட்டிக் கொடுக்க மனசில்லை போல. எனக்கா தெரியாது? ரோடு வந்தால் உன்னை அனுப்பணும். அதனால் ரோட்டையே மறித்துவிட்டார் உன் மாமனார்.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மன் சந்நிதி வாசலில் நின்று, ரோட்டை மறித்தவர் யாராக இருந்தாலும் பெற்ற மகள் முகம் பார்க்க முடியாமல் தவிக்கட்டும் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன். அவருக்கும் வாழப்போன மகள் இருக்காளே, தெரியட்டும்.

திங்கட்கிழமை நானே யூனியன் ஆபீசுக்குப் போய்ப் பேரைக் கேட்டு வாரேன். நீ மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. குனிந்து தண்ணிக்குடம் தூக்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா


சங்கரன்கோவில்,
26-9-78

மரியாதைக்குரிய பார்வதி மதினி அவர்களுக்கு, சம்பந்தி முப்பிடாதி கும்பிட்டு எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பேச்சிக்கு ஒரு கடுதாசி போட்டேன். அதை நீங்கள் பிரித்துப் படித்திருக்க வேண்டும், அவளிடம் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கவில்லையென்றால் அடுப்பில் போட்டுவிடுங்கள். கொடுத்திருந்தால், அம்மா கோபத்தில் என்னமோ உளறியிருக்கிறாள் என்று நீங்கள்தான் அவளைத் தேற்ற வேண்டும்.

நேற்று யூனியன் ஆபீசில் போய், ஆட்சேபணை கொடுத்த மகராசன் யார் என்று சத்தம் போட்டேன். ஓவர்சியர் என்னை உட்காரச் சொல்லி, அது உங்கள் பேரில்தானே வந்திருக்கிறது அம்மா என்றார். அடி ஆத்தி! எனக்குக் காது அடைத்துப்போச்சு. ரோடு திரும்புகிற இடத்தில், என் அப்பா சீதனமாகக் கொடுத்த பருத்திக்காடும் கிணறும் இருப்பது உங்களுக்குத் தெரியும். கிணறு போய்விடுமே என்று எங்கள் வீட்டுக்காரர்தான் மனு எழுதி, நிலத் தீர்வை கட்டுகிற விஷயம் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், வீட்டுக்குள் நீட்டினதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா? ரோட்டை உங்கள் காட்டுக்குள் திருப்பச் சொல்லியும் எழுதியிருக்கிறார். அது தெரிந்தும் அண்ணாச்சி, சம்பந்தி விவகாரத்தில் நான் வாய் திறக்க மாட்டேன் என்று ஓவர்சியரிடம் சொன்னாராம். ரோடு போட்டதும் அனுப்புகிறோம் என்று அவர் சொன்னதைச் சாக்கு என்று நினைத்தேன் மதினி. அது எங்களுக்குப் போட்ட சூடு என்று இப்போதுதான் உறைக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரை நான் ஏசின ஏச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கிணறு போனால் நீ அழுவாயே என்று பார்த்தேன் என்கிறார் இந்த மனுசன்! காடே போகட்டும் என்று இன்று காலை ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆனால் ரோடு போட்டு பஸ் வர வருசமாகும். என் பிள்ளைக்கு அவ்வளவு நாள் கிடையாது. அம்மன் வாசலில் நான் தூற்றின மண் யார் தலையில் விழுந்திருக்கிறது பாருங்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

ஐப்பசி ஒன்றாம் தேதி காலையில் இவர் வண்டி கட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார். அண்ணாச்சி அவரை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். வெயிலில் நிறுத்தி வைக்கட்டும். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். பிள்ளையை மட்டும் ஏற்றி விடுங்கள் மதினி. குலுங்காமல் இருக்க வண்டியில் நிறைய வைக்கோல் போட்டு அனுப்புகிறேன்.

உங்களைத்தான் நம்பியிருக்கும்
முப்பிடாதி