கொலோன் ஆட்டத்தில் நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

என் அன்பு மச்சான் குமரா,

நாலு மணிக்கு உன் வசந்தி இங்கே வருகிறாள், ஆரணியையும் கூட்டிக்கொண்டு. இப்போது மூன்றேகால். நீ கண்மூடி இரண்டு வருஷம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் பெண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேரப்போகிறாளாம். வியாழக்கிழமை வசந்தி எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இவருக்கு விளையாடேக்க தலையில அடிகிடி பட்டதோ? நீங்கள் சொன்னா அவள் கேப்பாள்."

"சீச்சீ, இல்லைத் தங்கச்சி," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார்.

"பிறகேன் அண்ணை, கடைசி வருஷங்களில கதைச்சுக்கொண்டிருக்கேக்கயே எல்லாம் மறந்துபோய் நிண்டவர்? கவனமில்லாத மனுசன் எண்டு நான் எவ்வளவு ஏசினனான்..." அழுதாள். ஞாயிற்றுக்கிழமை, அதாவது இன்று, இருவரும் வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் டோர்ட்மண்டில் படிக்கும்போது இதே ஆட்டம் ஆடிய அந்தக் கோடையை நினைத்துப் பார்க்கிறேன். தொடக்கத்தில் எல்லோரிடமும் தோற்றோம். குனிந்து நின்று கால்களுக்கிடையால் பந்தைத் தருகிறவன் நான். வாங்கி எறிகிறவன் நீ. நீ ஜெர்மனில் எண்ணிக் கத்துவாய்; எந்த எண்ணில் பந்து புறப்படும் என்பதை எதிரணி கண்டுபிடித்துவிடும். அதனால் நீ தமிழில் எண்ணத் தொடங்கினாய். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று நீ கத்த, அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். எங்கள் அணியின் ஜெர்மன் பெடியள்கூட அந்த எண்களைப் பாடமாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவேயில்லை, இல்லையா?

கடைசி ஆட்டம் கொலோன் நகரத்து அணியோடு. வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். இரண்டாம் பாதியில் இரண்டு பேர் ஒன்றாய் உன்னில் விழுந்தார்கள். தலை நிலத்தில் அடித்தது. எழும்பி, எதிரணிப் பக்கமாக நடந்தாய்.

டாக்டர் ஓடிவந்து ஜெர்மனில் கேட்டார்: இன்று என்ன கிழமை? யாரோடு விளையாடுகிறாய்? எத்தனையாம் பாதி? உனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் உன் தோளைத் தடவி, ஆறுதல் சொல்வதுபோலத் தமிழில் சொன்னேன். "சனி. கொலோன். ரெண்டாம் பாதி." நீ அப்படியே ஜெர்மனில் ஒப்புவித்தாய். என்ன சொன்னாய் என்று டாக்டர் என்னைக் கேட்டார். தண்ணீர் குடிக்கச் சொன்னேன் என்று சிரித்தேன்.

நீ என்னிடம் பதில் கேட்கவில்லை, குமரா. நானாகத்தான் சொன்னேன். டாக்டர் உன்னை வெளியே எடுத்தால், உனக்குப் பதிலாக எறிய ஆளில்லை. எனக்கு வெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வென்றோம். திரும்பும் பஸ்ஸில், "மச்சான், வெண்டனாங்களோ?" என்று கேட்டாய். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டாய். மூன்றாம் தரமும் கேட்டபோது பெடியளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். என்ன மனுசன் நான்!

உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. மறதிக்கு அந்த அடிதான் காரணமா? எனக்குத் தெரியாது. ஆனால் மறதிக்காக நீ டாக்டரிடம் போனபோது நானும் பக்கத்தில் இருந்தேனே. முன்பு தலையில் அடிபட்டதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாய். உனக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பெல் அடிக்கிறது. நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். ஜன்னலால் பார்க்கிறேன், ஆரணி உன்னைப் போலவே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். வசந்தி எனக்கென்று ஏதோ சமைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஐயோ குமரா, அதை எந்த முகத்தோடு வாங்குவேன்?

வாங்க மாட்டேன். அவர்கள் உட்காருமுன் சொல்லிவிடுவேன், உன்மேல் சத்தியம். "தங்கச்சி, அவர் கவனமில்லாத மனுசனில்லை. தலையில அடிபட்டவர். டாக்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லிக் குடுத்து மறைச்சவன் நான்." ஆரணிக்கும் ஒன்று சொல்வேன்: விளையாடு பிள்ளை, ஆனால் அடிபட்டால் உனக்காக ஒருவரையும் பதில் சொல்லவிடாதே.

கதவைத் திறக்கப் போகிறேன்.

இந்த நிமிஷம் வரைக்குமாவது உன் மகளுக்கு மாமா,
சுதன்