அம்மா நடக்கப்போகும் பாதை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. எழுதி முடித்ததும் கிழித்து, நாளைக்குப் பள்ளிக்கூடக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவேன். ஆனாலும் ஒருதரம் எழுதிப் பார்க்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அம்மா இல்லை, அக்கா. தொண்டை ஒப்பரேஷன் என்று உங்களுக்குச் சொன்னது பொய். பெப்ரவரியில் நெஞ்சு நோகிறது என்று சொன்னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அடுத்த நாள் முடிந்துவிட்டது. முப்பத்தொராம் நாள் கிரியையும் போன கிழமை நடந்தது.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அப்பாவும் அத்தானும் போனில் பேசி முடிவெடுத்தார்கள். போன வருடம் உங்களுக்கு அந்தப் பிள்ளை தங்கவில்லை. இந்த முறையும் ஏதும் நடந்துவிடுமோ என்று பயம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று கீழ்வீட்டுப் புஷ்பராணி அன்ரியும் சொன்னா. அதனால் அம்மாவுக்கு மரண அறிவித்தல்கூடப் போடவில்லை. வந்த சனம் எல்லாரிடமும் அப்பா கையைப் பிடித்துக் கேட்டார்: "பேஸ்புக்கில ஒண்டும் போட்டிடாதேங்கோ. மூத்தவளுக்குத் தெரியாது."

அம்மாவின் போன் இப்போது அப்பாவிடம். உங்களுக்கு அம்மா என்று பதில் எழுதுவது அப்பாதான். நீங்கள் ஏதும் கேட்டால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய் அன்ரியிடம் கேட்டு வந்து எழுதுகிறார்.

என் டாப்லெற்றை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார். "உன்ர வாய் நிக்காது பிள்ளை. துஷாவுக்கோ வயித்தில கிடக்கிறதுக்கோ ஏதும் நடந்தா, அது உன்னாலதான்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லொங்குய்யில் பாண் சுடுகிற ஃபக்டரியில் வேலை முடிந்து அவர் வரும் நேரம். படியில் சத்தம் கேட்கிறது.

சாயினி


லைப்சிக்
24 மார்ச் 2025

என் செல்லச் சாயினிக்கு,

உன்னைத் திரையில் காணவே கிடைக்கவில்லை. டாப்லெற் உடைந்துபோனதாம் என்று அப்பா சொன்னார். ஒரு பொருளையும் ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதா உனக்கு? சரி, பழைய காலத்து ஆட்கள்போல எழுதுவோம். எனக்கும் பொழுது போகவேண்டும். முதியோர் இல்லத்துச் சலவை வேலையில் பாரம் தூக்கவேண்டும் என்று டொக்டர் முன்னமே மறித்துவிட்டார். மருத்துவிச்சி நடக்கச் சொல்லியிருக்கிறா. அதனால் உன் அக்காவுக்கு இப்போது நடைதான் உத்தியோகம்.

இங்கே பனி போய்விட்டது. ட்ராம் பாதையைத் தாண்டினால் ஒரு கால்வாய், அதைப் பிடித்துக்கொண்டு போனால் நகரத்துக்கு நடுவிலேயே பெரிய காடு. அந்தக் காடு முழுக்க இப்போது உள்ளிப்பூண்டு மணக்கிறது! நம்பமாட்டாய். நிலமெல்லாம் பச்சை இலை. காட்டுப்பூண்டாம். ஜெர்மன்காரர் பை பையாகப் பிடுங்குகிறார்கள். இதேபோல நஞ்சு இலை ஒன்றும் இருக்கிறதாம், அதனால் நான் காட்டில் பிடுங்காமல் சந்தையில் ஒரு கட்டு வாங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். அத்தான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்ன, என்னைப் புல்லுத் தின்னப் பழக்கிறீரோ?" என்று கேட்டார். ஆனால் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

நான் சும்மா நடக்கவில்லை. பிள்ளை பார்க்க அம்மா வரும்போது அவவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பாதை தேடுகிறேன். அவவின் முழங்கால் உனக்குத் தெரியும்தானே. ஏற்றம் இருக்கக்கூடாது. இருந்து களைப்பாற இடைக்கிடை ஒரு வாங்கு வேண்டும். கிட்ட ஒரு கழிப்பறையும் வேண்டும். கால்வாய்க்கரை நல்லது, ஆனால் பாலத்தடியில் படி. அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் அத்தானிடம் சொன்னால் அவர் குளிக்கப் போய்விடுகிறார். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்.

அம்மாவுக்குக் குரல் எப்போது வருமாம்? முன்பெல்லாம் வாயாலே பேசிப் பேசித்தான் அனுப்புவா. இப்போது எழுத்துத்தான், கட்டுப்போட்ட கழுத்தோடு திரையிலும் வரமாட்டாவாம். அவ இருமிக்கொண்டு "எடியே துஷா" என்று தொடங்குவது கேட்காமல் என்னவோபோல இருக்கிறது.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

முத்தங்களுடன்,
அக்கா துஷாந்தினி


மொன்றியல்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவும் வாசித்தார். நான் நலம். இங்கே இன்னும் பனி. வீதியோரம் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது. அது உருகிய இடத்தில் குளிர்காலத்தில் கொட்டின சரளைக்கல் கிடந்து சப்பாத்துக்குள் போகிறது.

பிரெஞ்சுச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தேன். பிள்ளை பிறந்த பிறகு உங்களுக்குச் சமைத்துத் தரப் புஷ்பராணி அன்ரி சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறா.

அம்மா சுகம் என்று எழுதும்படி அப்பா சொன்னார்.

நீங்கள் நடப்பது நல்லது. கவனமாக நடவுங்கள்.

இப்படிக்கு,
சாயினி


லைப்சிக்
14 ஏப்ரல் 2025

செல்லம்,

என்னடி இது, பள்ளிக்கூட அதிபருக்கு எழுதினதுபோல ஒரு கடிதம்? உனக்கு என்னோடு என்ன கோபம்? டாப்லெற்றுக்காக ஏசினதற்கா? பிறந்தநாளுக்குப் புதிது வாங்கித் தருகிறேன், மூஞ்சியை நீட்டாதே.

எனக்கு இப்போது சரியான களைப்பு. கால் வீங்கிப் பணியாரம்போல இருக்கிறது. நடந்து வந்து படுத்தால் நித்திரை இல்லை. ஆனாலும் விடியக் கதவைத் திறந்தால் போகாமல் இருக்க முடியவில்லை. சந்தியில் இருக்கிற மரம் முழுக்க வெள்ளைப்பூ. சனமெல்லாம் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், ஏதோ சாமி கும்பிடுவதுபோல.

பாதை சரி. பாலத்தடிப் படிக்குப் பக்கத்தில் சைக்கிள்காரருக்கு ஒரு சரிவு இருக்கிறது. அதால் இறங்கினால் காட்டு வாசல் வரை ஒரே சமதரை. அங்கே ஒரு சின்னக் கடை. வயதான மனுசி ஒருத்தி தேத்தண்ணி விற்கிறா. அம்மாவுக்குக் கறுவா போட்டுத் தரச்சொல்லிக் கையைக் காட்டி விளங்கப்படுத்திவிட்டேன். அதற்கு அப்பால் ஒரு வாங்கு. பின்னுக்குச் சாயலாம். நான் அதில் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரிக்கெற்றும் போட்டாயிற்று. ஜூன் ஏழாம் திகதி அம்மா வருகிறா. "வாறன் பிள்ளை, யோசியாதை" என்று எழுதினா. அத்தான் இப்போது போடவேண்டாம், பொறும் பொறும் என்று மறித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை. கஞ்சன்.

சாயினி, உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. போன முறை நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. அத்தானுக்கும் சொல்லாததையெல்லாம், உடம்பில் படுகிற ஒவ்வொன்றையும், இரவில் அம்மாவுக்கு எழுதுகிறேன். பெண்ணுக்குப் பெண் சொல்வதுதானே. அவ உடனே பதில் போடுகிறா. அதை வாசித்தால்தான் கண் மூடுகிறது.

ஒழுங்கான கடிதம் ஒன்று எழுது.

அக்கா


மொன்றியல்
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

இருந்துகொண்டு வாசியுங்கள். தயவுசெய்து. அந்தச் சாயக்கூடிய வாங்கில் இருந்து வாசியுங்கள்.

அம்மா பெப்ரவரியில் செத்துப்போனா. நெஞ்சு நோ. இரண்டு நாள். நோகாமல் போனா என்று நேர்ஸ் சொன்னா. உங்களுக்குத் தெரிந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று அப்பா மறைத்தார். அத்தானும். நானும்.

நான் சொல்லாமலே இருந்திருப்பேன். எனக்கு அவ்வளவு பயம். ஆனால் நீங்கள் இரவில் அம்மாவுக்கு எழுதுவதை வாசிப்பது அப்பா. பதில் போடுவதும் அவர். நீங்கள் பெண்ணுக்குப் பெண் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகு என்னால் முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அக்கா. வேலையில் இடைவேளை கிடைத்தவுடன் போனைத்தான் பார்ப்பாராம். சிலநேரம் அடுப்படியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு உன்ர அம்மா என்ன சொல்லியிருப்பா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்.

இதை வாசித்துப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அது என்னால்தான். அப்பா அப்படித்தான் சொன்னார். நீங்கள் பதில் எழுதும்வரை நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு எழுதவேண்டாம். அப்பா பிரித்து வாசிப்பார். என் சிநேகிதி ஷெரோனின் வீட்டு விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, கோட்-டெ-நெய்ஜில். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் இதைப் பெட்டிக்குள் போடுவேன். போட்ட பிறகு திருப்பி எடுக்கமுடியாது என்பதும் தெரியும்.

என்னை மன்னியுங்கள்.

சாயினி


லைப்சிக்
3 மே 2025

சாயினி,

முதலில் இதை வாசி: பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நேற்றும் டொக்டரிடம் காட்டினேன். இதயத் துடிப்பு நல்லாக இருக்கிறது. எழுதும்போதும் உதைக்கிறது. ஏதும் நடந்தாலும் உன்னால் இல்லை. அப்பா உனக்கு அப்படிச் சொன்னது மகா பிழை.

கடிதம் வந்த அன்று நீ சொன்னபடி நான் இருந்து வாசிக்கவில்லை. வாசலில் நின்றபடியே வாசித்தேன். பிறகு நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. காடு இப்போது பூத்துவிட்டது, நிலமெல்லாம் வெள்ளை. தேத்தண்ணிக் கடை மனுசி சிரித்துக்கொண்டு, அம்மா வந்துவிட்டாவா என்று கேட்டா. என் ஜெர்மன் எல்லாம் மறந்துபோனது. தலையை மட்டும் ஆட்டினேன். அவ ஓம் என்று விளங்கிக்கொண்டு இரண்டு கோப்பை ஊற்றிவிட்டா.

அத்தானோடு அன்றிரவு கத்தினேன். "உம்மைச் சாகக் குடுத்திடுவனோ எண்டு பயந்திட்டன் துஷா" என்று அழுதார். நான் இன்னும் அவரோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பூப் போடவில்லை. அவ செத்து இத்தனை நாளும் நான் அவவுக்கு வாங்கு தேடிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அப்பாவுக்கு என்னவெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த மனிசனின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

ஆனால் முந்தநாள், ஏனோ தெரியாது, கால் வீக்கம் வற்றிவிட்டது என்று அம்மாவின் இலக்கத்துக்கு எழுதினேன். அடுத்த நிமிடமே பதில். "கடவுளே, நல்லது பிள்ளை, உப்பைக் குறை." அதை வாசித்து அழுதேன். அதுவும் இல்லாவிட்டால் அப்பா என்ன செய்வார் என்று நினைத்தேன்.

அதனால் எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லாதே. பிள்ளை பிறக்கட்டும், பேந்து சொல்லுவம். அதுவரை நீ ஒன்றும் தெரியாததுபோல இரு. என் தங்கம்தானே.

அக்கா


மொன்றியல்
17 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஷெரோனின் வீட்டில் வாசித்தேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைப் பல தரம் வாசித்தேன். ஷெரோனின் அம்மா பயந்துபோய்ச் சீனி போட்டுத் தேத்தண்ணி தந்தா.

பிறகு மிச்சத்தை வாசித்தேன். "பிள்ளை பிறக்கட்டும், பேந்து சொல்லுவம்." பெப்ரவரியில் அப்பா சொன்னதும் அதே வசனம்தான், அக்கா. ஒரு சொல்கூட மாறவில்லை. அன்று உங்களுக்கு ஒளித்தேன். இனி அப்பாவுக்கு ஒளிக்கவேண்டுமாம். என்னால் முடியாது. நீங்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இன்று மத்தியானம் அப்பா அடுப்படியில் பருப்புக் கிண்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அம்மாவின் போன்.

"அப்பா, அக்காவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். நான்தான் எழுதினனான்."

அவர் அகப்பையை வைக்கவில்லை. "பிள்ளை?" என்றார். எந்தப் பிள்ளையைக் கேட்கிறார் என்று விளங்கியது.

"சுகமா இருக்குதாம். அக்காவும் சுகம்."

அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "உனக்கு வாய் நிக்காதெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். ஆனால் ஏசுகிறவர் குரல் அப்படி இராது. பருப்பில் ஆடை பிடித்தது.

"அப்ப, கால் வத்திட்டுதெண்டு போட்டவளே. அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப அதை ஆருக்கு எழுதினவள்?"

"உங்களுக்குத்தான் அப்பா."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார். செத்தவீட்டில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. எல்லாரையும் பேஸ்புக்கில் போடாமல் மறிப்பதிலேயே நின்றார். இன்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அடுப்படித் துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

பின்னேரம் விமானக் கொம்பனிக்குப் போன் பண்ணினார். அம்மாவின் ரிக்கெற்றில் பெயர் மாற்ற முடியாதாம். வேறு எடுக்கலாமாம். "நான் போனா உவள் வீட்டுக்குள்ள விடுவளோ? நீ ஒருக்காக் கேட்டு எழுது" என்றார். நீங்களே கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன். நாளைக்குத் தன் போனிலிருந்து உங்களுக்கு அழைப்பு எடுக்கப்போகிறார். முதலில் என்ன கதைக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதம் வரும்போது அதெல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் போனை எடுத்தீர்களோ, விட்டீர்களோ. வரச்சொல்வதும் வரவேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம், நான் இரண்டுக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எதுவென்றாலும் அவரிடமே சொல்லுங்கள், அக்கா. என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள். எனக்கு நல்ல களைப்பாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதும்போது அப்பா எழும்பி வந்து அறை வாசலில் நின்றார். நான் தாளை மறைக்கவில்லை.

"இன்னும் படுக்கேல்லையோ? ஆருக்கு எழுதுறாய்?"

"அக்காவுக்கு."

"எழுது, எழுது. எழுதிப்போட்டுப் படு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதிவிட்டேன். படுக்கப்போகிறேன்.

உங்கள் தங்கை,
சாயினி