குளம்பு பார்க்கப்பட்டது

6 பிப்ரவரி 1951, செவ்வாய்

ராயபுரம் வண்டி ஸ்டாண்டில் வாரக் கிளினிக். எங்கள் வெட்டினரி கல்லூரிக் கடைசி வருஷப் பையன்கள் மூன்று பேரை அழைத்துப் போனேன். நாலு மணிக்குக் கல்லூரியில் குரூப் போட்டோ. அதற்காகக் காலையிலேயே புது வெள்ளைக் கால்சட்டை. பவுனம்மாள் வாசல்வரை வந்து, "மாப்பிள்ளை கணக்கா கீறீங்க, சாணியிலே குந்திடாதீங்க" என்றாள். பெண்டாட்டி சொல்லைத் தட்டவில்லை.

மூணேகாலுக்குக் கடைசி கேஸ். அத்தாவுல்லாவின் ஜட்காக் குதிரை, ஜிகினா. நாலு நாள் முன்னால் லாடம் அடித்தது. இரண்டு நாளாக வலது முன்னங்காலை ஊன்றப் பயப்படுகிறது. நடக்கவிட்டுப் பார்த்தேன். தோள்பட்டைச் சுளுக்கு என்று சொல்லித் தைலம் எழுதச் சொன்னேன். "லாடத்தைக் கழற்றிப் பார்க்கட்டுமா, சார்?" என்று மூவரில் ஒருவனான தேசப்பன் கேட்டான், இங்கிலீஷில். கேஸ் பேசுவதெல்லாம் எங்களுக்கு இங்கிலீஷில்தான். அவன் அப்பா தண்டபாணி இதே ஸ்டாண்டு மாட்டுவண்டிக்காரர், துறைமுக மூட்டை ஏற்றுகிறவர். வண்டிக்காரப் புத்தி எங்கே போகும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும்விட்டேன். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கேஸ் புத்தகத்தில் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். குளம்பு பார்க்கப்பட்டது, கோளாறு இல்லை. எழுதுகிறவன் கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் வழக்கம். பேனாவைப் பிடித்தபடி நின்றான். "போடுப்பா, மணியாகுது" என்றேன். போட்டான்.

அத்தாவுல்லாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "குளம்பு பாத்தாச்சா, சாப்?" என்றார். "உங்க தண்டபாணி மவனே பாத்துட்டான்" என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம புள்ள பாத்தா சரிதான்" என்றார்.

போட்டோவுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டேன்.

7 பிப்ரவரி

முதல் வருஷத்துக்கு இன்று நொண்டிக் குதிரைப் பாடம். 'முதலில் குளம்பு' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என் லட்சணம் இப்படி இருக்கிறது.

13 பிப்ரவரி, செவ்வாய்

ஸ்டாண்டில் கால் வைத்ததுமே அத்தாவுல்லா ஓடிவந்தார். "சாப், வாயத் தொறக்க மாட்டேங்குது, புல்லு அப்படியே கீது."

லாயத்துக்குள் போகும் முன்பே தெரிந்துவிட்டது. நாலு காலும் முளை அடித்தது போல, வால் தூக்கி நிற்கிறது. மோவாயைத் தட்டியதும் கண்ணுக்குள்ளிருந்து சவ்வு வந்து பாதிக் கண்ணை மூடியது. வாய்ப்பூட்டு நோய், டெட்டனஸ். இப்போது லாடத்தைக் கழற்றினேன். இரண்டாவது ஆணி சதைக்குள் போயிருக்கிறது. இழுத்ததும் கறுப்பாகச் சீழ், அழுகல் நாற்றம்.

ஒரு வாரம் முன்னால் கழற்றியிருந்தால்? சீழை வெளியேற்றி ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை. இன்று கையிலிருந்த மருந்தை எல்லாம் போட்டேன், எனக்காகப் போட்டுக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. தேசப்பன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான்.

15 பிப்ரவரி

ஜிகினா செத்துப்போச்சு.

கூட்ஸ் வண்டி ஊதும்போதெல்லாம் உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததாம். காதில் பஞ்சு வைத்து, வாசலில் சாக்கு கட்டி, அத்தாவுல்லாவும் அவர் மனைவி சபீஹாவும் இரண்டு நாளாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

தண்டபாணி ஸ்டாண்டு நடுவில் மகனை அறைந்தார். "நீ பாத்தன்னு தானேடா அத்தாவுல்லா வுட்டான்! கண்ண எங்க வெச்சிகினு கையெழுத்து போட்ட?" பையன் என் பக்கம் கையைக் காட்டவில்லை. நான் பத்தடி தள்ளிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துவிட்டு மறுபடியும் கழுவினேன்.

20 பிப்ரவரி

பிரின்சிபால் அறையில் விசாரணை. மேஜைமேல் கேஸ் புத்தகம்.

"குளம்பைப் பார்த்தாயா?"

"பார்க்கவில்லை, சார்."

"பிறகு ஏன் கையெழுத்து?"

தேசப்பன் மேஜைமேலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, "பார்க்கும்படி நீங்கள் சொன்னீர்களா?" என்றார்.

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

சொல்லியிருப்பேனாம்! பொய்யும் சொல்லத் தைரியமில்லை, நிஜமும் சொல்லத் தைரியமில்லை. பையன் ஏப்ரல் பரீட்சை எழுதக்கூடாது, இன்னொரு வருஷம் படிக்கவேண்டும் என்று தீர்ப்பு. அவன் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போனான். சே.

24 பிப்ரவரி

குரூப் போட்டோ வந்தது. முன்வரிசை நாற்காலியில் நான். கால்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எனக்கு நேர் பின்னால் தேசப்பன் நிற்கிறான். பவுனம்மாள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும் என்கிறாள்.

27 பிப்ரவரி, செவ்வாய்

ஜுரம், கிளினிக்குக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜுரமாவது ஒன்றாவது.

3 மார்ச்

"இன்னாங்க, சோத்துல கைய வெச்சிகினே கீறீங்க, ஒரு வாரமா பாக்கறேன்" என்று பவுனம்மாள் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். எல்லாவற்றையும். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. சோற்றுப் பானையை மூடினாள். பிறகு, "அந்தப் புள்ளையப் பெத்தவ எப்படித் துன்னுவா?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போகிறபோது, "போட்டோ மாட்ட ஆணி கேட்டேனே, வேணாம்" என்றாள்.

7 மார்ச்

காலையில் பிரின்சிபாலிடம் எழுதியே கொடுத்தேன். பார்க்கச் சொல்லவில்லை, பார்க்கிறேன் என்றவனைத் தடுத்தேன், பார்த்ததாக எழுதவைத்தேன். மூன்றே வரி. மூன்று வாரம் எடுத்தது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பையன் பரீட்சை எழுதலாம். எனக்கு இனி வெளிக் கிளினிக் கிடையாது. வருகிற செவ்வாயோடு சரி. பிறகு மியூசியத்தில் எலும்புகளுக்கு நம்பர் ஒட்டவேண்டும். குறைச்சலான தண்டனை.

தேசப்பனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்தபடி நின்றான். "பரீட்சை சரி சார். எங்கப்பா இன்னும் எங்கூட பேசல. ஸ்டாண்டுல எல்லார் வாயிலயும் நான்தான் குதிரையக் கொன்னவன்."

"நான் லெட்டர் எழுதித் தருகிறேன். அப்பாவிடம் கொடு."

"எங்கப்பாவுக்குப் படிக்க வராது, சார்."

8 மார்ச்

சாயங்காலம் ஸ்டாண்டு முனைவரை போனேன். அத்தாவுல்லாவின் முதுகு தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

13 மார்ச், செவ்வாய்

பவுனம்மாள் பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

மதியம் வண்டிகள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். தேசப்பனும் கூட வந்தான். பதினைந்து பேர் இருப்பார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "லாடத்தக் கழட்டிப் பாக்கட்டுமான்னு உங்க புள்ள கேட்டான். நான்தான் வேணான்னேன். பாக்காமயே பாத்ததா எழுதுன்னு நான்தான் சொன்னேன். கையெழுத்து அவனுது, பேச்சு என்னுது" என்றேன். தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

அத்தாவுல்லா இப்போது அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறார். கிட்டே வந்தார். "அன்னிக்கு இன்னா அவசரம், சாப்?"

"போட்டோ" என்றேன்.

"போட்டோவா?"

"ஆமாம். கால்சட்டை அழுக்காயிடும்னு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். தேசப்பனின் தோளைத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். யாரோ காறித் துப்பினார்கள்.

தண்டபாணி என்னைப் பார்க்கவேயில்லை. நுகத்தடியிலிருந்து வெள்ளை மாட்டை அவிழ்த்தார். "தேசப்பா, ரெண்டு நாளா இது முன்னங்கால சரியா வெக்கல. இன்னான்னு பாரு, நைனா."

ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். ஒருவரும் வரவில்லை. நான் சாணியில் குந்தி, காலை என் தொடைமேல் ஏற்றிப் பிடித்தேன். தேசப்பன் நிதானமாகக் குளம்பைச் சுரண்டினான், அவசரமே படவில்லை. பிளவுக்குள்ளிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்தான். கழுவி, மருந்து வைத்துக் கட்டினான்.

பிறகு கேஸ் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "எழுதிக்குங்க, சார்."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். இடது முன்னங்கால். குளம்பு பார்க்கப்பட்டது. பார்த்தவர், த. தேசப்பன். பேனாவை மூடப்போனேன். அவன் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டாமல் நின்றான்.

கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அப்புறம்தான் புத்தகத்தை வாங்கிக்கொண்டான்.