அந்தம்மா பேரு

ஜனவரி 26, திங்கள்

இன்று கொடியேற்றத்தில் நான்தான் பேசினேன், பெரிய பேச்சாளி! வெள்ளைக்காரன் காலத்தில் நாலு மகன்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஒரு தாயின் கதை. மகன்கள் பேரையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன்.

முடிந்ததும் மிலிட்டரிக்காரங்கம்மா வந்தார். பள்ளியில் சத்துணவு சமைப்பவர். இரண்டு மகன்களும் ராணுவத்தில்.

"ஏனுங்க டீச்சர், அந்தம்மா பேரு என்னங்க?"

"புத்தகத்துல போடலைங்க."

"என் பேராச்சும் தெரியுங்களா?"

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருசம். தினமும் அவர் கையால்தான் சாப்பிடுகிறேன். ஊர் கூப்பிடுகிற மாதிரியே நானும் கூப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"உடு சாமி" என்று சிரித்து, பேரைச் சொன்னார்.

வெட்கத்தில் அது காதில் ஏறவில்லை. திரும்பக் கேட்க வாயும் வரவில்லை.