விரல் நின்ற இடம்

திருகோணமலை
12.02.2007

அன்புத் தம்பி தவராசாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். துறைமுகப் பக்கம் நேற்றும் வெடிச்சத்தம். நானும் வீடும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பண்டகசாலை வேலையை விட்டு, மாலை வகுப்பில் படித்து, இயந்திரத் திரையில் வரும் சொற்களை எழுதும் வேலைக்கு ஆறு மாதத் தவணையில் சேர்ந்திருக்கிறாயாம். கனடாவில் ஆசுபத்திரிக்கு வரும் தமிழர்கள் அந்தத் திரையைத் தொட்டுத் தாங்களே பதிவார்களாம். பெயர் போடாத எழுத்தாளனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

சரிவராவிட்டால் வந்துவிடு. எட்டு வருடமாக உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. உறையில் 'தற்காலிக முகவரி' என்று நான் எழுதுவதைப் பற்றிக் குறைப்பட்டிருந்தாய். எழுதத்தான் செய்வேன்.

அக்கா
தங்கரத்தினம்

ஸ்காபரோ
09.03.2007

அன்பு அக்கா,

நான் எழுதிய ஆறு திரைகளையும் தாளில் அச்சடித்து அனுப்புகிறேன். அயலவர்களிடம் காட்டுங்கள். தொட வேண்டிய இடத்தை அவர்கள் விரலால் தொட்டதும் அடுத்த தாளை வையுங்கள். உதவி மட்டும் செய்யாதீர்கள். விரல் எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

மேலாளருக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதுவது ஆட்களுக்கு விளங்குகிறது என்று யூன் முடியுமுன் காட்டாவிட்டால் திரும்பவும் பெட்டி தூக்க வேண்டியதுதான். இங்கே கேட்டால் எல்லோரும் 'நல்லாயிருக்கு தம்பி' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் தம்பி
தவம்

திருகோணமலை
10.04.2007

அன்புத் தம்பி,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே எழுத்துப் படித்தவள். ஆகவே சொல்வதைக் கேள்.

எதிர்வீட்டு நஜ்முன் நிஸா முதல் தாளில் 'வரவேற்கிறோம்' என்பதையே தொட்டுக்கொண்டிருந்தாள். "வா எண்டு கூப்பிடுது, தொட்டால்தானே திறக்கும்?" என்றாள். அவள் சரி, நீதான் பிழை.

பிறந்த வருடத்தைப் பிழையாகப் போட்டால் வரும் 'செல்லுபடியற்ற உள்ளீடு' என்ற தாளைப் பார்த்துக் கடைக்கார முனாப், "இது ஆரை ஏசுது?" என்று கேட்டார். 'பிறந்த வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்' என்று எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா?

போன வருடம் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பூரணி அடுத்த வீட்டில் இருக்கிறாள். ஐந்தாம் தாள்வரை விறுவிறுவென்று வந்தாள். 'உங்கள் முகவரி' என்ற பெட்டியில் விரல் நின்றுவிட்டது. நீ சொன்னபடி வாய் திறக்காமல் இருந்தேன். இருக்க ஏலாமல் இருந்தது. கடைசியில், "அக்கா, எதை எழுத? விட்டிட்டு வந்த வீட்டையோ, இருக்கிற வீட்டையோ?" என்றாள்.

உன் இயந்திரம் எதைக் கேட்கிறது, தம்பி?

இதைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். போட்டால் உனக்கு வேலை நிலைக்கும், பிறகு நீ வரமாட்டாய். இன்று போடுகிறேன்.

அக்கா

ஸ்காபரோ
28.05.2007

அன்பு அக்கா,

அந்தப் பெட்டியில் இங்கேயும் ஆட்கள் நின்றார்கள். முகவரி மறந்துவிட்டார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது 'நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடம்' என்று மாற்றிவிட்டேன். ஒருவரும் நிற்பதில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்ன பூரணியின் கேள்வியை மேலாளர் எழுதித் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.

தவணை முடியுமுன்பே வேலை நிரந்தரமாகிவிட்டது. உங்களுக்கு இது பாதி மகிழ்ச்சிதான் என்று தெரியும்.

உறையில் நீங்கள் எழுதுவதைப் பற்றி இனிக் குறை சொல்லமாட்டேன். 'உங்கள் முகவரி' என்ற பெட்டியில் நானும்தான் நின்றேன், அக்கா.

தவம்

திருகோணமலை
25.06.2007

அன்புத் தம்பி,

வேலை நிரந்தரமானது நல்லது. ஆனால் ஆறாம் தாள் 'நன்றி' என்று முடிகிறது. நன்றியை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வது? எந்தக் கதிரையில் போய் இருப்பது என்று எழுது.

உன் கட்டிலைப் பூரணிக்குக் கொடுத்துவிட்டேன். நிலத்தில் படுத்து அவளுக்கு நாரிப்பிடிப்பு. நீ வந்தால் உனக்குப் பாய்தான்.

உறையைப் பார்த்திருப்பாய். இந்த முறை 'தற்காலிக' என்ற சொல் இல்லை. அக்கா விட்டுக்கொடுத்தாள் என்று ஊரெல்லாம் கதைத்துத் திரியாதே. பேனையில் மை குறைவு.

அக்கா
தங்கரத்தினம்