மாரித்தாய் இறங்குவாளா?

16 ஏப்ரல் 1996, செவ்வாய்

விடியற்காலையில் மதுரை கூப்பிட்டது. மோடம் போட்ட கீச்சொலியில் பூஜை அறையிலிருந்து அம்மா, "இந்தச் சனியன் கத்துததுல முருகனே எந்திரிச்சு ஓடிருவான்" என்றாள். முருகன் ஓடவில்லை. அண்ணன்தான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு முன்னால் எஸ்.டி.டி. வெளியூர் அழைப்புக்குக் கால் கட்டணம். அதற்குள் மதுரை தன்னிடம் இருக்கும் கடிதங்களையும் கதைகளையும் என்னிடம் கொட்டும். நான் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் கொட்டுவேன். தலைவர், செயலாளர், சந்தா ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, யார் யாரைக் கூப்பிடுவது என்று ஓர் அட்டவணை. இவ்வளவுதான் எங்கள் வலை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, வேற்றுக் கிரகங்களைப் பற்றிப் பேசுகிறோம். பைத்தியங்கள்தான். ஆனால் ஊருக்கு ஒன்று இருக்கிறதே!

இன்று வந்தது தொடர்கதையின் ஆறாம் அத்தியாயம். ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். மதுரை சிவசங்கரன், கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர், என் மாரித்தாயை அழ வைத்துவிட்டார். பூமியைச் சுற்றும் நிலையத்தில் ஒற்றையாகக் காவல் இருக்கிறவள் அவள். நான் படைத்தவள். (விண்வெளிக்காரிக்கு இப்படி ஒரு பேரா என்று கேட்டவரும் இதே சிவசங்கரன்தான்.) அவள் அழுகிற ஆளா? நாளைக்கே முகத்தைக் கழுவச் சொல்லி வேலைக்கு அனுப்புகிறேன்.

21 ஏப்ரல், ஞாயிறு

நாகர்கோவில் பீர் முகம்மது எழுதியிருக்கிறார். டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "கணேஷ்ராம் அண்ணாச்சி, மாரித்தாய் கதைய வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். உம்மச் சும்மா சொல்லப்பிடாது வே."

கணேஷ்ராம் என் அண்ணன். ஆடிட்டர். அவருக்கும் மாரித்தாய்க்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. வலையில் சேரும்போது, தொலைபேசி யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரைக் கொடு என்றார்கள். கொடுத்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கணேஷ்ராம் என்று எழுதினால் பதில் நேராகக் கதைக்கு வருகிறது. என் பேரில் எழுதினால் முதலில் யார் வீட்டுப் பெண் என்பார்கள். அதற்கு அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்.

2 மே

சென்னையிலிருந்து என் வீட்டுக்காரர் அண்ணனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். என்னைக் கூட்டிக்கொள்ளத் தயாராம்.

3 மே

கணக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனின் வாடிக்கையாளர் கணக்குகளை நான்தான் தட்டித் தருகிறேன். அண்ணனும் மதினியும் நடத்துகிற இந்த வீட்டில் நான் சாப்பிடும் சோற்றுக்கு அது போதும் என்பது என் கணக்கு. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி மதி, நாலு வருசம் ஆச்சு. அவரே எறங்கி வாராரு. ஆடி முடியட்டும். தாய் வீட்டுக்கு ஆடிக்கு வந்துட்டுப் போற மாதிரி, ஆவணி பொறந்ததும் கெளம்பிரு. தெருவுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

நாலு வருட ஆடி! இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் நின்றது என் இடது பக்கம். சென்னையில் புருஷனிடம் கன்னத்தில் வாங்கிய அறைக்குப் பிறகு அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை. அது அண்ணனுக்கும் தெரியும். கேட்காத மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன்.

போக மாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? சொன்னால் எங்கே இருப்பது என்ற பயம். வேறென்ன.

8 ஜூன், சனி

சிவசங்கரன் எல்லாருக்கும் எழுதியிருக்கிறார். நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வருவோம், அன்றைக்கே கணேஷ்ராம் வீட்டில் கூடுவோம், முகம் பார்த்துப் பேச வேண்டாமா என்று. படித்துப் பார்க்காமல் வழக்கம்போல விடியலில் நானே நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்பிவிட்டேன். போனது போனதுதான். எங்கள் வலையில் எதையும் திரும்பப் பிடிக்க முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். ஆடிப்போய்விட்டார். "ஆம்பிளைக அஞ்சாறு பேரு ஒன்னையத் தேடி வந்தாகன்னு தெரிஞ்சா தெருவுல என்ன பேசுவாக? சென்னைக்கு எட்டாதா?"

அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "ஏலே, ஒம் பேருதானல குடுத்திருக்கா. நீயே எழுதுனவனா உக்காரு."

சரி என்றேன். அவர்களைக் கதவு இடுக்கு வழியாகவாவது பார்த்தால் போதும் என்றிருந்தது. இப்போது எழுதும்போதே அவமானமாக இருக்கிறது.

25 ஜூன்

அண்ணனுக்குப் பாடம் நடக்கிறது. ஒளியாண்டு என்றேன். "அது ஏப்ரல்ல ஆரம்பிக்குமா, ஜனவரியிலயா?" என்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவரும் சிரித்தார். அண்ணனும் நானும் சேர்ந்து சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

29 ஜூன், சனி. தேர்

வந்தார்கள். சிவசங்கரன் நான் நினைத்ததைவிடக் குள்ளம். பீர் முகம்மது பெரிய பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தார். தெருவில் தேர்க் கூட்டம், யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை. அண்ணன் வெள்ளை வேட்டியில் எழுத்தாளர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். நான் காபி கொடுத்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறைக் கதவில் வலது காதை வைத்து நின்றேன்.

சிவசங்கரன் சொன்னார்: "அண்ணே, பொம்பள மனசை இப்படி எழுத ஆம்பளையாலதான் முடியும். அவங்களுக்கே அது தெரியாதுண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும்.

பிறகு கேட்டார்: "கடைசி அத்தியாயம் உங்களுதுதான். மாரித்தாய் முடிவு என்னண்ணே?"

இதற்கு நான் பாடம் நடத்தவில்லை. அண்ணன் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பைய, "எத்தனை நாளைக்குத்தான் அந்தரத்துல தொங்குவா? எறங்கித்தான் ஆகணும். கீழ புருசன் இருக்காம்லா. போய்ச் சேந்துருவா" என்றார்.

கதையில் மாரித்தாய்க்குப் புருஷனே கிடையாது.

"அடடா! ஒளிச்சு வச்சிருக்கீரு பாரும் புருசன, இத்தன அத்தியாயமா!" என்று பீர் முகம்மது தொடையில் தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்றார் சிவசங்கரன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

30 ஜூன்

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கதைக்குத்தானட்டி சொன்னேன்" என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2 ஜூலை, செவ்வாய்

எழுதிவிட்டேன். "அன்று உங்களுக்குக் காபி கொடுத்தவள்தான் இத்தனை நாளும் எழுதியவள். நான் கணேஷ்ராமின் தங்கை. மாரித்தாய் என்னுடையவள். அவளுக்குப் புருஷன் இல்லை, அவள் இறங்கவும் போவதில்லை. பேரை மறைத்ததற்கு மன்னியுங்கள்." விடியலில் அனுப்பினேன். கணேஷ்ராமின் தங்கை என்றுதானே போட்டேன்? அங்கேயும் என் பேரைப் போடவில்லையே.

5 ஜூலை

பதில் இல்லை.

9 ஜூலை

"மதிப்பிற்குரிய சகோதரிக்கு, அன்று தவறாக ஏதும் பேசியிருந்தால் மன்னிக்கவும்" — சிவசங்கரன். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை மாதம் என்னோடு மல்லுக்கட்டிய மனிதர்!

14 ஜூலை

நேற்றும் இன்றும் மதுரை கூப்பிடவில்லை. மோடம் சும்மா கிடக்கிறது. "இன்னிக்குத்தான் சாமி நிம்மதியா இருக்கு" என்றாள் அம்மா.

17 ஜூலை, புதன்

ஆடி பிறந்துவிட்டது.

நானே நாகர்கோவிலைக் கூப்பிட்டேன். எடுத்தது. புது அட்டவணை வந்து விழுந்தது. மதுரை இனி நேராக நாகர்கோவிலைக் கூப்பிடுமாம், நாகர்கோவில் தூத்துக்குடியை. திருநெல்வேலி என்ற வரி இருக்கிறது. ஆனால் அதைக் கூப்பிட யாரையும் போடவில்லை.

பகலில் பீர் முகம்மது கடைக்குப் பேசினேன். "கோவம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஒங்க முன்னாடியே உக்காந்து என்னெல்லாம் பேசிட்டோம்... மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்கு. ஆளாளுக்கு அட்டவணைய அப்படியே மாத்திக்கிட்டாங்க. நானும்தான். என்னத்தச் சொல்ல" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வெட்கப்படுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது? யாரும் என்னை வெளியேற்றவில்லை. முறையிட ஒரு தலைவர்கூட இல்லை. தலைவர் இல்லாததைத்தானே நான் இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்? நன்றாக வேண்டும் எனக்கு.

அட்டவணையோடு கடைசி அத்தியாயமும் வந்திருந்தது. சிவசங்கரன் எழுதியது. மாரித்தாய் இறங்குகிறாள். கீழே புருஷன் பூவோடு நிற்கிறான். அடியில், "முடிவு தந்தவர்: கணேஷ்ராம்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வள்ளியூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். ஜெபகனி. கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாளாம். நாகர்கோவில் வழியாக எங்கள் கதையைப் படித்து வந்தவள். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

"எனக்கு அந்த முடிவு பிடிக்கலக்கா. நீங்க எழுதுங்க. எனக்கு மட்டுமாவது அனுப்புங்க. ஆமா, ஒங்க பேரு என்னக்கா?"

இத்தனை பேரில் யாரும் இதைக் கேட்கவில்லை. சொன்னேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

விடியலில் வள்ளியூருக்கு என் அத்தியாயத்தின் பாதியை அனுப்பினேன். மோடம் சத்தத்துக்கு அண்ணன் எழுந்து வந்துவிட்டார். கையில் சென்னை டிக்கெட். சனிக்கிழமை சாயந்திரம், ஆவணி பிறந்த அன்றைக்கே. அதை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ எறங்குதாளா?"

"இல்லண்ணே. எறங்க மாட்டா."

வலது பக்கம்தான் நின்றார். நன்றாகக் கேட்டேன், அவர் மூச்சு விட்டதை. பல் தேய்க்கப் போய்விட்டார்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றுச் சாயந்திரம் ரயில் போய்விட்டது. அதில் என் படுக்கையில் யாராவது படுத்துப் போயிருப்பார்கள்.

அம்மா சாப்பிடவில்லை. மதினி என்னிடம் பேசவில்லை. அண்ணன் மோடத்தைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். திட்டவில்லை. தட்ட வேண்டிய கணக்குகளை மட்டும் என் மேஜையில் எடுத்து வைத்திருந்தார். போகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தட்டி முடித்தேன்.

பிறகு அத்தியாயத்தின் மீதியை இன்லேண்டு லெட்டரில் பொடிப் பொடியாக எழுதினேன். தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவது கைக்குச் சுகமாக இருந்தது. மடித்து ஒட்டிவிட்டு, அனுப்புநர் இடத்தில் கைப்பழக்கத்தில் 'க' என்று ஆரம்பித்துவிட்டேன். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் மதுமதி என்று எழுதி, நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.