விற்றவரின் விலாசம்

இன்று காலை யாங்கோன் லான்மடாவில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். தையல் மெஷின்கள் வாங்கப்போகிறாளாம். ஒப்பந்தத்தை மேஜையில் விரித்து, "தாய்க் கம்பெனி வெளிநாடு சார். அப்போ இதுக்குச் சர்வதேச விற்பனைச் சட்டம்தானே?" என்று கேட்டாள். தாளின் தலையில் தாய்க் கம்பெனியின் பளபளக்கும் முத்திரை. சட்டென்று என் மூக்கில் அமோனியா நெடி ஏறியது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். கீழே பழக்கடைகள்தான் இருந்தன. நெடி போகவில்லை.

நண்பா, நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

இன்சீனில் உன் ஐஸ் கம்பெனிக்குப் புதுக் கம்ப்ரசர் வந்த அன்று, போனில் அதன் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தாய். "பூனை மாதிரி உறுமுது பார்" என்றாய். பத்தே நாளில் உன் குரல் மாறிவிட்டது. சீல் வழியாக அமோனியா கசிகிறது, கண் எரிகிறது, அறையில் நிற்க முடியவில்லை என்றாய். விற்ற கம்பெனியின் ஆள் வந்து, ஸ்பானரால் இரண்டு திருகு திருகிவிட்டுச் சரியாகிவிட்டது என்று போய்விட்டான்.

மறுநாள் ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தாய். "மெஷின் வேணாம், எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லிடட்டுமா?"

சர்வதேச விற்பனை உடன்படிக்கையை அப்போதுதான் அரைகுறையாகப் படித்திருந்தேன். மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. "அவசரப்படாதடா. தாய்க் கம்பெனியோட நாடு அந்த உடன்படிக்கையில இருக்கு. நேரா அவங்களுக்கே எழுதுவோம். புது மெஷினே வரும்" என்றேன்.

நீ கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாய். "முத்திரை அவங்களுது. ஆனா வித்தவன் விலாசம் லத்தா, யாங்கோன்னு போட்டிருக்கே. நம்ம ஊருதானே?"

நான் சிரித்தேன். "அவ்வளவு பெரிய பேர் இருக்கு, நீ விலாசத்தைப் பார்க்கிறியே!"

நீயும் சிரித்தாய். சட்டம் படித்தவன் நான் என்பதால் பேச்சு அதோடு முடிந்தது.

நீ கேட்டதுதான் சட்டம். விற்பவரும் வாங்குபவரும் தொழில் நடத்தும் இடங்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தால்தான் அந்த உடன்படிக்கைக்கே பேச்சு. தாய் எந்த நாட்டுக்காரி என்று அது கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டது இங்கே பதிவான யாங்கோன் கம்பெனி, நீயும் யாங்கோன்காரன். உள்ளூர் விற்பனைச் சட்டப்படி அன்றே மெஷினை மறுத்திருக்கலாம். தவறான கதவைத் தட்டிவிட்டு ஐந்து வாரம் உன்னைக் காக்கவைத்தேன்.

மீன்காரர்கள் ஐஸ் கேட்டு வாசலில் நின்றார்கள். நீ மெஷினை ஓட்டினாய். ஒரு நண்பகலில் சீல் பிய்த்துக்கொண்டது. வேலையாட்களை வெளியே தள்ளிவிட்டு, வால்வை மூட உள்ளே போனாய். மூடியும்விட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

நீ போன மூன்றாம் நாள் தாய்க் கம்பெனியின் பதில் வந்தது. உன் மனைவி மா கின் என்னிடம் நீட்டினாள். யாங்கோன் கம்பெனி தனி நிறுவனம், இது உள்நாட்டு விற்பனை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவளுக்குப் பர்மியத்தில் சொன்னேன். "அப்படின்னா?" என்றாள். "கைகழுவிட்டாங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் என் பங்கை நான் சொல்லவில்லை. அவள் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தைப் புரட்டினாலும், கடைசிப் பக்கத்தில் உன் விரல் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இன்று அந்தப் பெண்ணிடம், "விற்கிறவர் யாங்கோன், நீங்களும் யாங்கோன். உள்ளூர்ச் சட்டம்தான். மெஷினில் குறை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீன் போனேன்.

மா கின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ கேட்ட கேள்வியையும் நான் சிரித்ததையும் சொன்னேன். ஐந்து வாரத்தையும் சொன்னேன். மடித்து வைத்திருந்த ஒரு சட்டையை, அது உன்னுடையதாக இருக்கும், அவள் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, என்னிடம் எப்போதும் பர்மியத்திலேயே பேசுகிறவள், உன்னிடம் கற்ற தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"அவர் உங்களைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டார், அண்ணே."

ஆறுதலா, குற்றச்சாட்டா? கேட்காமலே எழுந்தேன். ரயிலில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே லான்மடா திரும்பினேன்.